நடுவர் இல்லாத பட்டிமன்றம்

மாலை நான்கு மணிக்குள் அறவாழிக்குத் தன்மேல் கொஞ்சமாவது ஆசை வந்தாக வேண்டும். வராவிட்டால் அவன் சாகும்வரை இப்படியே சந்தோஷமாக இருந்துவிடுவான்.

அந்தச் சந்தோஷத்தைத்தான் அவன் மனைவி சங்கமித்திரையால் தாங்க முடியவில்லை. காலை பத்து மணிக்கே விடுகை மையத்தின் மூன்றாம் அறைக்கு வந்து, அவனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் ஓர் எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன், பிளாஸ்க் நிறைய டீ. புருஷனை மீட்கக் கிளம்பியவள் கொண்டுவந்த ஆயுதம் அவ்வளவுதான்.

"வணக்கம் மித்ரா" என்றான் அறவாழி. "டாக்டருக்கும் வணக்கம். ஜன்னலுக்கும் ஒண்ணு வெக்கலாம்னு பார்த்தேன். அது வேலையா இருக்கு, வெயிலை உள்ள விட்டுட்டிருக்கு."

டாக்டர் நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஐம்பது வயதுக்காரர். இந்த அறையில் சிரித்தால் எதிரில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு வலிக்கும் என்று பல வருஷ அனுபவத்தில் தெரிந்தவர். அறவாழியின் நெற்றியில் கட்டியிருந்த மெல்லிய பட்டையைச் சரிசெய்துவிட்டு, சுவரிலிருந்த திரையை மித்ரா பக்கம் திருப்பினார். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு படுத்துக் கிடந்தது.

"சட்டப்படி இன்னொரு தடவை சொல்லியாகணும்மா" என்றார். "திரும்பி வரணும்னு அவரேதான் கேக்கணும். வாயால கேட்டா மட்டும் பத்தாது, இந்தக் கோடு எழுந்திரிக்கணும். ஆசை அவருக்குள்ளேர்ந்து, அவருக்காக வந்தாத்தான் இது எழும்பும். ஒரு தடவை கேட்டா மூணுல ஒரு பங்கு திருப்பிக் கொடுப்போம். அந்த நெலமையில இருந்துக்கிட்டு ரெண்டாவது தடவை கேக்கணும். அப்புறம் மூணாவது."

"வலி?"

"வலி எங்கயும் போகலையே. அது அவர் கன்னத்துலதான் இருக்கு. 'இது என்னோடது'ன்னு மூளையில ஒரு இடம் எல்லாத்தையும் கோத்துக் கொடுத்துட்டே இருக்கும், அந்த இடத்தைத்தான் கம்பி வெச்சுத் தூங்க வெச்சிருக்கோம். அது முழிக்க முழிக்க, வலி மறுபடி அவரோடதாகும். நடுவுல வேணாம்னு சொன்னா உடனே பழையபடி அனுப்பிடுவோம்."

"நாலு மணிக்கு மேல போனா?"

"தொண்ணூறு நாள் தூங்கின இடம் அதுக்கப்புறம் எழுந்திரிக்காதும்மா."

இன்று தொண்ணூறாவது நாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், 'நான் என்று ஒன்று கிடையாது' என்று அறவாழிக்கு முதன்முதலில் சொன்னவளே மித்ராதான். பெரம்பூரில் அவள் குடும்பம் நான்கு தலைமுறையாகப் பௌத்தக் குடும்பம். பௌர்ணமிதோறும் விகாரைக்குப் போவார்கள், மூன்று சரணத்தையும் மும்மூன்று முறை சொல்வார்கள். அறவாழி சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளை. பள்ளியில் கணக்கு வாத்தியார். பொங்கல், தீபாவளி வந்தால் ஊர் ஊராகப் பட்டிமன்றத்துக்குக் கிளம்பிவிடுவான். எந்த அணியில் போட்டாலும் பேசுவான், தோற்பது மட்டும் அறவே பிடிக்காது. அப்படி ஒரு மேடையிலிருந்து இறங்கியவனைத்தான் மருந்துக் கடையில் வேலை பார்த்த மித்ரா வழிமறித்து, நீங்கள் பேசியது தப்பு என்றாள்.

"நான்னு ஒண்ணு தனியா கிடையாது வாத்தியாரே. உடம்பு இருக்கு, நெனப்பு இருக்கு, பழக்கம் இருக்கு. எல்லாம் சேர்ந்து ஓடுது. ஓட்டறவன்னு ஒருத்தன் உள்ள இல்ல."

"அப்ப நம்ம கல்யாணப் பத்திரிகையில யார் பேரைப் போடறது?"

அவர்கள் அறிமுகமாகி அப்போது இருபது நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. மித்ரா அசரவில்லை. "பேரைப் போட்டுக்கலாம். ஆள்தான் கிடையாது" என்றாள்.

"பந்திக்கு மட்டும் ஆயிரம் பேர் வருவாங்க, மாப்பிள்ளை மட்டும் கிடையாதா? நல்லா இருக்கு பிக்குணி உங்க மார்க்கம்."

அன்றிலிருந்து அவள் அவனுக்குப் பிக்குணிதான். உன் பெயரே புத்தருடைய அறச் சக்கரம், உங்கப்பா தெரியாமல் வைத்துவிட்டார் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடானதும் அவர்கள் வீட்டில் பட்டிமன்றம் நடந்தது. ஆளுக்குப் பத்து நிமிஷம். கடைசியில் பதில் சொல்ல ஆளுக்கு இரண்டு நிமிஷம். தோற்றவர் டீ போட வேண்டும். மகள் தாரகைக்குப் பேச வந்ததும் அவள் நடுவரானாள். எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டினால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். அந்த மணியை வேறு யாரும் தொடக்கூடாது. ஒன்பது வயதில் ஒரு நீதிபதிக்குரிய விறைப்பு அவளுக்கு வந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அறவாழியின் வலது கன்னத்தில் வலி வந்தது. முகநரம்பு வலி என்றார்கள். பல் துலக்கினால், காற்று பட்டால், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால், கன்னத்துக்குள் மின்சாரம் பாய்வதுபோல் வெட்டும். பேசுவதற்கென்றே பிறந்தவனுக்குப் பேசினால் வலிக்கும் நோய். மாத்திரை கேட்கவில்லை. இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் கேட்கவில்லை. ஒரு நாள் விடிந்ததும் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போன மித்ரா, கைப்பிடிச் சுவரின்மேல் அவன் ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் காற்று கன்னத்தில் படும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. பின்னால் போய் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் விடுகை மையத்துக்கு வந்தார்கள். படிவத்தில் 'குடும்பத்தாரின் ஆட்சேபம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். மித்ரா ஒரு வரி கூடுதலாக எழுதினாள்: 'எங்கள் வழியில் இது பெரும் பேறு.' நான்கு தலைமுறை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு கம்பியில் கிடைக்கிறதே என்று உண்மையாகவே நம்பினாள். அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் இப்போது அவளுக்குக் கையை வெட்டிப் போடலாம் என்றிருக்கும்.

முதல் சில வாரம் வீட்டில் ஒரு மகான் குடியிருந்ததுபோல்தான் இருந்தது. அறவாழி பேசினான், சிரித்தான், முறுக்குத் தின்றான். கன்னம் வெட்டி இழுக்கும்போது அப்படியே நின்று, மழை பெய்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தொடர்வான். "வலிக்குதாப்பா?" என்று தாரகை கேட்டபோது, "வலி இருக்கும்மா. யாருக்குன்னு தேடிப் பார்த்தேன், ஆளைக் காணோம்" என்றான். பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பௌர்ணமியன்று விகாரையிலிருந்து பெண்கள் வெள்ளைத் தாமரையோடு வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் காலில் விழுந்தார்கள். அவனும் பதிலுக்கு அவர்கள் காலில் விழுந்தான். மித்ராவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவன் தன்னைப் பிக்குணி என்று கூப்பிடுவதில்லை என்பதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன் பள்ளி வாசலில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்தது. அதன் வழியில் இரண்டு குழந்தைகள். ஒன்று தாரகை. இன்னொன்று யாரோ. அறவாழி பாய்ந்து கிட்ட இருந்த குழந்தையை இழுத்தான். அது தாரகை இல்லை. அவள் தானே துள்ளி விலகினாள், வலது கை மட்டும் லாரிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் மாட்டி இரண்டு இடத்தில் உடைந்தது.

கட்டுப் போடும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தான். தாரகை அழவில்லை. "நான் உன் பொண்ணுன்னு உனக்குத் தெரியலையாப்பா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுதும்மா. அப்ப அது முக்கியமா படல. கிட்ட இருந்தது அந்தக் குழந்தை" என்றான், சிரித்த முகத்தோடு.

அதன்பின் தாரகை அவன் இருக்கும் அறைக்குள் வருவதில்லை.

"சரி வாத்தியாரே, ஆரம்பிக்கலாமா?" என்றாள் மித்ரா. குரலைக் கஷ்டப்பட்டு லேசாக வைத்துக்கொண்டாள்.

"ஆரம்பிக்கலாம். எதை?"

மத்தியானம்வரை அவள் எல்லாப் பழங்கதையையும் எடுத்துப் போட்டாள். முதல் மேடை, தாரகை பிறந்த மழைநாள், அவன் அப்பா இறந்தபோது அவள் தோளில் சாய்ந்து அழுதது. எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. அவள் மறந்த விவரங்களைக்கூட எடுத்துக் கொடுத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் ரசித்தான். கோடு எழும்பவில்லை.

"விடுதலை கெடச்சவன்கூடத் திரும்பி வரலாம்னு எங்க வழியில உண்டு" என்றாள். "போதிசத்துவர்னு பேரு. மத்தவங்க கஷ்டப்படறாங்கன்னு வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துடுவார். நீ எனக்காகத் திரும்பி வரக்கூடாதா?"

"தாராளமா வரேன்" என்று அறவாழி எழுந்தேவிட்டான். "இதுக்கா காலையிலேர்ந்து சுத்தி வளைச்ச? டாக்டர், இவங்க கேக்கறாங்க, நான் வரேன்."

மித்ரா திரையைப் பார்த்தாள். கோடு படுத்தபடியே கிடந்தது.

"இது செல்லாதும்மா" என்றார் டாக்டர். "உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துத் தர்ற மாதிரி வரேன்னு சொல்றார். நான் கேட்டாலும் சொல்வார், வாட்ச்மேன் கேட்டாலும் சொல்வார். ஆரம்பத்துல இதையெல்லாம் ஏத்துக்கிட்டு இருந்தோம். ஒரு பொண்ணு, கல்யாண மேடையில அப்பா உக்காரணும்னு கூட்டிட்டுப் போச்சு. உக்காந்தார். மூணாம் நாள் கடல்ல இறங்கிட்டார். அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துச்சு."

அறவாழி அனுதாபத்தோடு தலையாட்டினான். "ஆசை இருந்தாத்தான் வர முடியும். ஆசையை விட்டதாலதான் இங்க இருக்கேன். நல்ல சிக்கல் மித்ரா. உங்க ஆளுங்க ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமா இந்தப் பக்கம் வர்றதுக்குத்தான் வழி சொல்லியிருக்காங்க. திரும்பற வழியை யாரும் எழுதி வெக்கல போல."

"கிண்டலா?"

"இல்லையே. பார்த்தேன், சொன்னேன்."

முன்பெல்லாம் கிண்டல்தான். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி செய்கிற கிண்டல். இப்போது அந்த ஓரக்கண் இல்லை. மணி ஒன்றரை.

அப்போதுதான் பையிலிருந்து டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்து நடு மேஜையில் வைத்தாள். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு வெச்சுக்கலாம். தலைப்பு, 'நான்' வேண்டுமா வேண்டாமா. நீ வேண்டும் அணி."

அறவாழியின் முகம் மலர்ந்தது. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டான். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, "நடுவர் அவர்களே" என்றான். அந்தப் பழைய மேடைக் குரலைக் கேட்டு மித்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எதிரணி என்ன சொல்வாங்க? சாம்பாரைப் பிரிச்சுப் பாருங்க, பருப்பு இருக்கு, புளி இருக்கு, முருங்கைக்காய் இருக்கு, சாம்பார்னு ஒண்ணு எங்க இருக்குன்னு கேப்பாங்க. நான் கேக்கறேன். பசியோட வந்து உக்காந்தவன் இலையில பருப்பைத் தனியா, புளியைத் தனியா, முருங்கைக்காயைத் தனியா வெச்சுப் பாருங்க. எழுந்து அடிக்க வருவான். அந்த அடிதான் நடுவர் அவர்களே, சாம்பார் இருக்குங்கறதுக்குச் சாட்சி."

டாக்டர் நஸ்ரின் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அறவாழி குரலைத் தணித்தான். எங்கே தணிக்க வேண்டும் என்று அவனுக்கு எப்போதும் தெரியும். "பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவர் நல்லவரா இருந்தாப் போதும். ஆனா வீட்டுல இருக்கறவர் நம்மவரா இருக்கணும். ஒரு குழந்தைக்கு, உலகத்துல எல்லாக் குழந்தையையும் ஒரே மாதிரி பார்க்கிற ஞானி வேணாம். தன்னை மட்டும் கொஞ்சம் கூடுதலாப் பார்க்கிற ஒரு சாதாரண ஆள் வேணும். அந்தக் கூடுதலுக்குப் பேர்தான் 'நான்'. அது குறையா இருக்கலாம். அந்தக் குறை இல்லாத வீட்டுல குழந்தை வளராது. நன்றி, வணக்கம்."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. இதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்? உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

கோடு ஒரு நூல்கூட அசையவில்லை.

"எப்படி இருந்தது?" என்றான் அறவாழி. "வேணாம் அணியும் கொடு, அதையும் பேசறேன்." அவள் கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்துவிட்டு, "அழறியா மித்ரா? டீ குடிக்கிறியா?" என்று பிளாஸ்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தான்.

அவள் டீயைக் குடிக்கவில்லை, அழுகையை அடக்கவும் முடியவில்லை. ஜன்னல் வெயில் அவன் காலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. மணி இரண்டே முக்கால் ஆனபோது மித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் அணி நான் பேசறேன்" என்றாள்.

"நல்லது. பத்து நிமிஷம்."

"அவ்வளவு வேணாம்." அவள் எழுந்திருக்கவில்லை. மேடைக் குரலும் வரவில்லை. "மூணு வருஷம் நீ தலையணையைக் கடிச்சுட்டுக் கெடந்த. நான் பக்கத்துல படுத்துட்டு எண்ணிக்கிட்டிருப்பேன், இந்தத் தடவை எத்தனை நிமிஷம்னு. மாடியில உன் இடுப்பைப் பிடிச்சப்ப உன் வயிறு நடுங்கிச்சு பாரு, அது இன்னும் என் கையில இருக்கு. அதையெல்லாம் மறுபடி நீ வாங்கிக்கோன்னு காலையிலேர்ந்து கெஞ்சிட்டிருக்கேன். எதுக்கு? ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீடு அமைதியா இருக்கேன்னு. என்கூடச் சண்டை போட ஆள் இல்லையேன்னு. பொண்ணையும் சேர்த்துக்கிட்டேன், கேக்கறதுக்கு நல்லா இருக்கும்னு. என் ஆசைக்காக ஒரு மனுஷனைத் திரும்ப நெருப்புல நிக்க வெக்கலாமா? நாலு தலைமுறையா ஆசையை விடணும்னு சொல்லிட்டு வந்தோம், ஒரு ஆளைக்கூட என்னால விட முடியல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "விட்டுடறேன். நீ வர வேணாம் வாத்தியாரே. இங்கேயே இரு, நல்லா இரு. வேணாம் அணி ஜெயிச்சுது. தீர்ப்பு அவ்வளவுதான்."

ஸ்பூனை எடுத்து டம்ளரைத் தட்டினாள்.

அறவாழியின் சிரிப்பு நின்றது. தொண்ணூறு நாளில் முதல்முறையாக அவன் புருவம் நெரிந்தது.

"மணி நீ அடிக்கக் கூடாது" என்றான்.

"என்ன?"

"அணியில பேசறவங்க மணி அடிக்கக் கூடாது. நடுவர்தான் அடிக்கணும். எனக்குப் பதில் சொல்ல ரெண்டு நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள நீயே தீர்ப்பும் சொல்லிட்டா எப்படி?"

"அம்மா" என்றார் டாக்டர் மெல்ல. "கோட்டைப் பாருங்க."

அது தலையை ஓர் அரிசி அளவு தூக்கியிருந்தது.

"இது ஆசையா டாக்டர்?"

"எரிச்சல். ஆனா ஆள் இல்லாம எரிச்சல் வராதும்மா." டாக்டர் முன்னால் சாய்ந்தார். "அறவாழி, உங்களுக்கு என்ன வேணும்?"

"பதில் சொல்லணும்."

"யாருக்கு?"

அவன் கொஞ்சம் குழம்பினான். "எனக்குத்தான். என் ரெண்டு நிமிஷம் அது."

கோடு எழுந்தது. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். மணி மூன்று ஐந்து.

அவன் கை தானாக வலது கன்னத்துக்குப் போய், தொடாமல் நின்றது. "ஃபேனை நிறுத்துங்க" என்றான். பிறகு மித்ராவைப் பார்த்தான். அவளை மட்டும் பார்த்தான், ஜன்னலையும் டாக்டரையும் விட்டுவிட்டு. அந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் உயிர் வாழலாம் என்றிருந்தது அவளுக்கு.

"உன் வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு பிக்குணி" என்றான். வாயைக் குறைவாகத் திறந்து, இடது பக்கமாகப் பேசினான். "விட்டுட்டேன் விட்டுட்டேன்னு அழுதுட்டே சொல்ற. இல்லாத ஆளுக்காக ஒருத்தி இவ்வளவு... பொறு, இதை ஒழுங்காச் சொல்லணும். பாதி வாயோட வர மாட்டேங்குது. டாக்டர், அடுத்ததைக் கொடுங்க. எனக்கு இதை முடிச்சாகணும்."

கோடு இன்னும் மேலே போயிற்று. டாக்டர் மறுபடி பொத்தானை அழுத்தினார். மணி மூன்று இருபது.

அவன் அதை முடிக்கவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் முழங்கால் போட்டுக் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. மூன்று வருஷமாக மித்ரா கேட்ட அந்த முனகல், அடித்தொண்டையிலிருந்து, மூடிய வாய்க்குள்ளேயே. அதை அவள் மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

"அனுப்பிடு" என்றான். "மித்ரா, என்னைத் திரும்ப அனுப்பிடு."

டாக்டர் அவளைப் பார்த்தார். "அவர் வேணாம்னா வேணாம்தான். ஆனா நீங்க பேசிப் பார்க்கலாம்மா, சட்டம் தடுக்கல. இவ்வளவு தூரம் வந்துட்டார்."

பேசிப் பார்க்க ஒரே ஒரு வார்த்தை போதும். தாரகை. அந்தப் பெயரைச் சொன்னால் அவன் வருவான், இந்த நிலையிலும் வருவான். மித்ராவுக்கு அது நாக்கு நுனியில் இருந்தது. தரையில் துடிக்கிறவனைப் பார்த்தாள். மொட்டை மாடியில் நடுங்கிய வயிறு அதே மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

"பழையபடி அனுப்பிடுங்க டாக்டர்" என்றாள். அவள் குரல்தான் அது என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே உட்கார்ந்து அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

டாக்டரின் விரல் பொத்தானுக்குப் போனது.

"இரு" என்றான் அறவாழி. பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. "அவ ஏன் வரல?"

"பேசாத. பேசினா வலிக்கும்."

"மணி அவதானே அடிப்பா. ஏன் வரல?"

மித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மெதுவாக, ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து சேர்வதை அவள் பார்த்தாள். லாரி. மதில் சுவர். கட்டுப் போட்ட அறை.

"வலது கை" என்றான். "ஸ்பூன் பிடிக்கிற கை." அடுத்த வெட்டு வந்து அவனை மடித்துப் போட்டது. அது போகக் காத்திருந்து, மறுபடி ஆரம்பித்தான். "கேட்டாளே. தெரியலையாப்பான்னு. நான் சிரிச்சேன்."

"அந்தக் குழந்தை பொழைச்சிருக்கு. நீ தப்பு ஒண்ணும் பண்ணல."

"தப்பு பண்ணல. வருத்தமும் படல." அவன் தலையைத் தூக்கி டாக்டரைப் பார்த்தான். "மீதியைக் கொடுங்க."

"வேணாம்" என்றாள் மித்ரா. காலையிலிருந்து வா வா என்று கெஞ்சியவள் இப்போது அவன் வாயைப் பொத்தப் போனாள். கன்னம் நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டாள். "வேணாம் வாத்தியாரே, போதும். நான் பார்த்துக்கறேன் அவளை. நீ போயிடு."

"அறவாழி, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "இது முழு வலி. பொண்ணுக்காகக் கேக்கறீங்களா?"

"இல்ல. அவ பாட்டுக்கு இருந்துடுவா. எனக்கு அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். எனக்கு வேணும். கேக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கணும்ல?"

கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது.

"டாக்டர், நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் மித்ரா.

டாக்டர் நஸ்ரின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவர் கேட்டுட்டார்மா. இனி உங்க ஆட்சேபம் செல்லாது." கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தொன்று. பொத்தானை அழுத்தினார்.

அறவாழி போட்ட சத்தத்தைக் கேட்டு அடுத்த அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். மித்ரா தன் துப்பட்டாவால் அவன் கன்னத்தைக் காற்றுப் படாமல் சுற்றி, தன் தோளோடு பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அறவாழி ஆட்டோக்காரரைத் திட்டினான், மாநகராட்சியைத் திட்டினான், ஒரு முறை புத்தரையும் திட்டினான். மித்ரா அழுதுகொண்டே எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள். மொட்டை மாடிக் கதவுக்கு இன்றைக்கே பூட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். என்றைக்குவரை பூட்டி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தாரகையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். பெண் உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கையில் கட்டு, கழுத்திலிருந்து தூக்கிக் கட்டிய துணி.

மித்ரா சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். டீ யார் போட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை, அவளே போட்டாள். கை பாலை ஊற்றியது, காது கூடத்தில் இருந்தது.

அறவாழி தரையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். மகளைப் பார்த்து வாயைத் திறந்தான், ஒரு சொல் வருவதற்குள் கன்னம் வெட்டியது. கண்ணை இறுக மூடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தான். மித்ரா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள். அதற்குள் தாரகை இரண்டு அடி உள்ளே வந்திருந்தாள்.

"வலிக்குதாப்பா?"

அவன் கண்ணைத் திறந்தான். "ஆமாம்மா" என்றான். "எனக்கு வலிக்குது. ரொம்ப வலிக்குது."

தாரகை அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"எனக்கும்" என்றாள்.